எரிவாயுக் குழாய்த்தடப் பற்றவைப்பில் ரிப்பேர் விகிதம் ஏறினால் காரணத்தை எங்கே தேடுவது?

கேள்வியின் சுருக்கம் இது. 24 அங்குல விட்டமுள்ள, எக்ஸ்70 என்ற உயர்வலிமைத் தரக் குழாய்களைக் கொண்டு இயற்கை எரிவாயுத் தடம் அமைக்கிறார்கள். செல்லுலோசிக் ராடுகளால், அதாவது மேற்பூச்சில் செல்லுலோஸ் கலந்த பற்றவைப்புக் குச்சிகளால், மேலிருந்து கீழாகப் பற்றவைக்கிறார்கள். தொடக்கத்தில் குறைவாக இருந்த ரிப்பேர் விகிதம் சில வாரங்களில் ஏறிவிட்டது. குறைகளில் பெரும்பாலானவை ரூட்டில், அதாவது மூட்டின் அடியில் முதலில் போடும் பற்றவைப்பு அடுக்கில், வருகின்றன. மூட்டுகளைக் கதிர்வீச்சால் படமெடுத்த (ரேடியோகிராபி) ஓரிரு ஃபிலிம்களில் விரிசலும் தெரிந்திருக்கிறது. வெல்டர்களை மாற்றியும், வேறு தொகுதி ராடுகளை வரவழைத்தும் பயனில்லை. இனி எங்கிருந்து தேடுவது என்பதே கேள்வி.

வெல்டரிடமிருந்து தேடலைத் தொடங்க வேண்டாம். கைத்திறன் குறைவால் வரும் குறைகளும் உண்டு. ஆனால் ஆளை மாற்றியும் குறை நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், காரணம் அவர் ஆர்க்கைத் தொடங்குவதற்கு முன்போ, ரூட்டை முடித்துவிட்டு எழுந்த பிறகோ இருக்கிறது என்று கொள்வதே நியாயம். குழாய் முனைகளின் நிலை, ஃபிட்டப் (இரு முனைகளையும் பொருத்தி நிறுத்துவது), முனைகளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பைக் கழற்றும் நேரம், ரூட்டுக்கும் அதன் மேல் போடும் இரண்டாவது அடுக்கான ஹாட் பாஸுக்கும் நடுவே கழியும் நிமிடங்கள், சைடு பூம் எனும் தூக்கி இயந்திரம் குழாயைத் தூக்கி இறக்கும் விதம் ஆகிய ஐந்தையும் பார்த்து முடிக்கும் முன் எந்த வெல்டரையும் வரிசையிலிருந்து இறக்குவது நியாயமும் ஆகாது, பலனும் தராது.

முதல் வேலை, ரிப்பேர் விகிதம் என்ற ஒற்றை எண்ணைப் பிரிப்பது. நூறு மூட்டுகளில் எத்தனை ரிப்பேர் என்று மட்டும் தினமும் அறிக்கை அனுப்பினால் அதிலிருந்து எந்தக் காரணத்தையும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு குறைக்கும் மூட்டு எண், குறையின் வகை, எந்தப் பாஸில் (பற்றவைப்பு அடுக்கில்) உள்ளது, கடிகார முள்ளின் எந்த நிலையில் உள்ளது, எந்த வெல்டர் இணை, எந்த ஃபிட்டப் குழு, பற்றவைத்த நேரம், இருபுறக் குழாய்களின் ஹீட் எண் (எஃகு உருக்கப்பட்ட தொகுதியின் எண்) ஆகியவற்றை ஒரே அட்டவணையில் எழுதுங்கள். ஃபிலிமில் சுழிய அடையாளம் மேல்நிலையில் வைக்கப்பட்டு, எண் நாடாவும் ஒட்டப்பட்டிருக்கும்; ஆகவே கடிகார நிலையைக் கணக்கிடுவது கடினமல்ல. இரண்டு மூன்று நாள் ஃபிலிம்களை இப்படி எழுதிப் பார்த்தாலே குறைகள் ஓர் ஒழுங்கில் விழத் தொடங்கும். வெவ்வேறு வெல்டர்களிடம் ஒரே கடிகார நிலையில் குறை வந்தால் ஃபிட்டப்பையோ கிளாம்பையோ சந்தேகிக்க வேண்டும். ஒரே வெல்டரிடம் எல்லா நிலைகளிலும் வந்தால் அவருடைய மெஷினையும், பிறகு அவருடைய கையையும் பார்க்க வேண்டும். அதிகாலையில் போட்ட மூட்டுகளில் மட்டும் வந்தால் பனி ஈரத்தையும் ப்ரீஹீட்டையும் (பற்றவைக்கும் முன் குழாயைச் சூடாக்குவதையும்) பார்க்க வேண்டும். டை-இன் மூட்டுகளில் (தனித்தனியாக முடித்த தடப் பகுதிகளை இணைக்கும் மூட்டுகளில்) மட்டும் வந்தால் காந்தத்தன்மையும் இழுவிசையும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். குறிப்பிட்ட சில ஹீட் எண்களில் மட்டும் விரிசல் திரும்பத் திரும்ப வந்தால், ஆலைச் சான்றிதழை எடுத்து வேதியியல் அளவுகளைப் பார்க்க வேண்டும்.

இந்த அட்டவணை தயாராகும் வரை காத்திருக்கக் கூடாத குறை ஒன்றே ஒன்றுதான், அது விரிசல். குழாய்த்தடப் பற்றவைப்புக்கான ஏபிஐ 1104 தரநிலை, ஊடுருவல் குறைவுக்கும் (ரூட் முழு ஆழத்துக்கும் உருகி இறங்காமைக்கும்), ஸ்லாக்குக்கும் (சிக்கிய கசடுக்கும்), நுண்துளைக்கும் நீள வரம்பு தருகிறது. விரிசலுக்கு அப்படிச் சலுகை கிடையாது. ராடை நிறுத்திய குழியில் தோன்றும் 4 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஆழமற்ற நட்சத்திர விரிசல் மட்டுமே விலக்கு. ஓரிரு ஃபிலிம்களில் விரிசல் தெரிந்தது என்பதை நான் ஓரிரு மூட்டுகளின் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ரேடியோகிராபிக்கு விரிசலைக் காட்டும் திறன் குறைவு. கதிரின் திசையோடு விரிசலின் தளம் ஏறக்குறைய ஒத்திருந்தால்தான் அது ஃபிலிமில் கோடாக விழும். ஆகவே, விரிசல் தெரிந்த நாளில் அதே சூழ்நிலையில் போடப்பட்ட மற்ற மூட்டுகளையும் அல்ட்ராசோனிக் முறையில் திரும்பச் சோதிக்க வேண்டும். அதுவரை அந்தப் பகுதியில் லோயரிங் (குழாயைப் பள்ளத்தில் இறக்குவது) செய்யக் கூடாது.

விரிசல் சூடாக இருக்கும்போதே வந்ததா, குளிர்ந்த பிறகு வந்ததா என்பதைப் பிரித்தறிவது அடுத்த படி. உலோகம் உறையும்போதே வரும் விரிசல் ரூட்டின் நடுக்கோட்டில் ஓடும். உறைந்த உடனேயே இருக்கும். வேகமாக இழுத்த, மெலிந்த, குழிந்த ரூட்டில் அதிகம் வரும். ரூட்டைச் சற்றுத் தடிப்பாகப் போடுவதும், ராடை நிறுத்தும் இடத்தில் குழியை நிரப்பி, கிரைண்டரால் சீவிவிட்டுத் தொடர்வதும் பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும். குளிர்ந்த பிறகு வரும் ஹைட்ரஜன் விரிசல் இதைவிட ஆபத்தானது. செல்லுலோசிக் ராடு பயன்படுத்தும் உங்கள் பணியில் அதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

இ6010, இ7010, இ8010 போன்ற செல்லுலோசிக் ராடுகளின் மேற்பூச்சு எரியும்போது ஹைட்ரஜன் ஏராளமாக வெளிவருகிறது. நல்ல ஊடுருவலும், மேலிருந்து கீழாக வேகமாக இழுக்க முடிகிற வசதியும் அந்த வலிமையான ஆர்க்கால்தான் கிடைக்கின்றன. அதற்கு விலையாக, 100 கிராம் படிவு உலோகத்தில் 30 முதல் 50 மில்லிலிட்டர் வரையோ, அதற்கு மேலோகூட ஹைட்ரஜன் தங்கும். லோ ஹைட்ரஜன் ராடுகளில் இதே அளவு 5 அல்லது 8 மில்லிலிட்டருக்குக் கீழே நிற்கும். உருகிய எஃகு ஹைட்ரஜனைத் தாராளமாக ஏற்கும். உறைந்து குளிர்ந்த எஃகால் அதைத் தாங்கிக்கொள்ள முடியாது. வெளியேற வழியில்லாத அணுக்கள் இழுவிசை மிகுந்த இடங்களை நோக்கி மெதுவாக நகர்ந்து சேர்கின்றன. அந்த இடம் கடினமடைந்தும் இருந்தால் எஃகு பிளக்கிறது. ஹைட்ரஜன், கடினமான உலோகம், இழுவிசை, குளிர்ந்த நிலை ஆகிய நான்கும் கூடினால்தான் விரிசல் வரும். நகர்ந்து சேர நேரம் பிடிப்பதால், பற்றவைத்துச் சில மணி நேரம் கழித்தோ, ஒரு நாளுக்கு மேல் கழித்தோகூட அது தோன்றலாம். மாலையில் போட்ட மூட்டை அன்று இரவே ஃபிலிம் எடுத்துச் சரி என்று கையெழுத்திட்டுவிட்டால், மறுநாள் காலையில் அந்த மூட்டு அதே நிலையில் இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விரிசல் ஒருமுறை தெரிந்துவிட்ட திட்டத்தில், சோதனைக்கு முன் குறைந்தது 24 மணி நேரம் காத்திருப்பதை நான் வலியுறுத்துவேன்.

அந்த நான்கில் எதை உங்களால் உடனே மாற்ற முடியும் என்று பாருங்கள். முதலில் ஹாட் பாஸ். ரூட் போட்ட சில நிமிடங்களுக்குள் ஹாட் பாஸ் போவதற்கான முக்கியக் காரணம், அந்த வெப்பம் ரூட்டில் உள்ள ஹைட்ரஜனை வெளியேற்றுவதும், ரூட்டை ஒட்டிய கடினப் பகுதியைத் தணிப்பதும் ஆகும். ஸ்லாக் கோடுகளை உருக்கி எடுப்பது அதன் இரண்டாவது வேலை. பெரும்பாலான டபிள்யூபிஎஸ்களில் (எழுத்து வடிவப் பற்றவைப்புச் செயல்முறைகளில்) இதற்கு 5 முதல் 10 நிமிட வரம்பு இருக்கும். வேலை தொடங்கிய வாரத்தில் ரூட் குழுவும் ஹாட் பாஸ் குழுவும் அடுத்தடுத்து நிற்பார்கள். தடம் நீளும்போது ரூட் குழு முன்னே ஓடிவிடும். ஹாட் பாஸ் குழு பின்தங்கும். சில வாரங்களில் குறை ஏறியது என்று நீங்கள் சொல்வதோடு இது பொருந்துகிறது. கையில் கடிகாரத்தோடு அரை நாள் வரிசையில் நின்று, ரூட் முடிந்த நேரத்தையும் ஹாட் பாஸ் தொடங்கிய நேரத்தையும் மூட்டுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். படிவத்தில் எழுதிவைத்திருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். அது மாலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து நிரப்பப்பட்டதாக இருக்கக்கூடும்.

அடுத்து ப்ரீஹீட். வாயு பர்னரை 12 மணி நிலையில் காட்டிவிட்டு, அங்கேயே வெப்பநிலை காட்டும் சாக்பீஸால் தொட்டுப் பார்த்து, சரி என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வெப்பம் மேலே ஏறும் இயல்புடையது. 6 மணி நிலை குளிர்ந்தே இருக்கும். மூட்டின் இருபுறமும், பெவலிலிருந்து (சாய்வாகச் சீவிய குழாய் முனையிலிருந்து) சுமார் 75 மில்லிமீட்டர் தள்ளி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அளக்க வேண்டும். எத்தனை டிகிரி என்பதை உங்கள் டபிள்யூபிஎஸ் சொல்லும். அந்த எண், ராடு தொடும் கணத்தில் குழாயில் இருக்க வேண்டிய வெப்பம். பர்னரை எடுத்த கணத்தில் இருந்த வெப்பம் அல்ல. காற்று வீசும் திறந்த வெளியில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வேறுபாடு வந்துவிடும்.

மூன்றாவது, இழுவிசை. உள் கிளாம்பை ரூட் முழுவதும் முடியும் முன் தளர்த்துவதும், ரூட் மட்டும் இருக்கும் நிலையில் குழாயைச் சைடு பூமால் தூக்கி அடியில் ஸ்கிட் கட்டைகளைச் சரிசெய்வதும் நான் திரும்பத் திரும்பக் கேள்விப்படும் காரணங்கள். 24 அங்குலக் குழாயின் 12 மீட்டர் நீளம் ஒன்றே டன் கணக்கில் எடை கொண்டது. அந்த எடை முழுவதும் மூன்று மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள, இன்னும் ஹைட்ரஜன் நிறைந்த ரூட்டின் மேல் வளைவாக விழுகிறது. விரிசல்கள் 12 மணி, 6 மணி நிலைகளில் குவிந்திருந்தால் இந்தக் காரணத்தை முதலில் விசாரியுங்கள். வெளிக் கிளாம்ப் பயன்படுத்தினால், ரூட்டில் குறைந்தது பாதி நீளமாவது சுற்றிலும் சமமாகப் பரவி முடிந்த பிறகே கழற்ற வேண்டும் என்பது ஏபிஐ 1104 சொல்லும் வரம்பு.

கடினத்தன்மையைப் பொறுத்தவரை, இன்றைய எக்ஸ்70 குழாய்கள் கார்பன் மிகக் குறைந்தவை. ஏபிஐ 5எல் என்ற குழாய்த் தரநிலையின் கடுமையான பிரிவான பிஎஸ்எல்2, கார்பன் 0.12 சதவீதம் வரை உள்ள எஃகில் பிசிஎம் மதிப்பை (எஃகு கடினமடையும் போக்கைக் காட்டும் எண்ணை) 0.25-க்குள் வைக்கச் சொல்கிறது. நல்ல ஆலைகள் அதைவிடக் கணிசமாகக் கீழே தருகின்றன. இதனால் குழாயின் வெப்பம் பாதித்த பகுதியில் விரிசல் விழுவது குறைந்து, பற்றவைப்பு உலோகத்திலேயே விரிசல் விழுவது இப்போது அதிகம் காணப்படுகிறது. விரிசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் ப்ரீஹீட்டை ஏற்றுவதா, ராடை மாற்றுவதா என்று முடிவெடுக்க முடியாது. வெட்டியெடுத்த மூட்டைக் குறுக்காக அறுத்து, மெருகேற்றி, அரித்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் இதற்கு விடை கிடைத்துவிடும்.

எக்ஸ்70 குழாயின் குறைந்தபட்ச நெகிழ்வு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை) 485 மெகாபாஸ்கல். பிஎஸ்எல்2 பிரிவில் குழாயின் உண்மையான வலிமை 635 வரை போகலாம். குழாய் மேல் எல்லைக்கு அருகிலும், ராடு கீழ் எல்லைக்கு அருகிலும் அமைந்துவிட்டால், பள்ளத்தில் இறக்கும்போதும் மண் அமரும்போதும் ஏற்படும் வளைவு முழுவதும் மூட்டிலேயே குவியும். எக்ஸ்70, எக்ஸ்80 தரங்களில் பலர் ரூட்டுக்கு மட்டும் மென்மையான இ6010 வைத்துக்கொண்டு, மேல் பாஸ்களுக்கு லோ ஹைட்ரஜன் ராடுக்கோ, ஃப்ளக்ஸ் கோர்டு கம்பிக்கோ மாறியிருப்பதன் காரணம் ஹைட்ரஜனும் இந்த வலிமைப் பொருத்தமும் சேர்ந்ததுதான். உங்கள் திட்டத்தில் இந்த மாற்றத்துக்கு இடம் இருந்தால் அதைப் பரிந்துரைக்கத் தயங்க மாட்டேன். அதற்குப் புதிய செயல்முறைத் தகுதிச் சோதனை தேவைப்படும். சில நாட்கள் போகும். ஆயினும் போகட்டும் என்றே சொல்வேன். சீனாவின் குய்சோ மாநிலத்தில் 2018 ஜூன் 10 அன்று வெடித்த மியான்மர்–சீனா எரிவாயுத் தடம், 2013-இல் இயங்கத் தொடங்கிய எக்ஸ்80 தடம். சுற்று மூட்டில் நேர்ந்த நொறுங்கு முறிவே காரணம் என்று விசாரணை சொன்னது. ஹைட்ரோ டெஸ்டில் (நீரழுத்தச் சோதனையில்) தேறிய மூட்டு பின்னாளிலும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

விரிசலுக்கு அப்பால், ரூட்டில் வரும் மற்றக் குறைகளுக்கு ஃபிட்டப்பை விட்டு வேறெங்கும் அதிகம் போக வேண்டியதில்லை. ஆலையிலிருந்து வரும் பெவல் 30 டிகிரி, ரூட் ஃபேஸ் (பெவலின் அடியில் சீவாமல் விட்ட தட்டை விளிம்பு) 1.6 மில்லிமீட்டர், அதில் கூடுதல் குறைவு 0.8 மில்லிமீட்டர், செல்லுலோசிக் முறையில் இடைவெளியும் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர். வெல்டர் ராடைப் பள்ளத்தில் அழுத்தி இழுக்கும்போது ஆர்க்கின் முன்னே சாவித்துவாரம் போன்ற சிறு துளை திறந்துகொண்டே போக வேண்டும். இரு முனைகளும் உருகி உள்ளே இறங்குகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். ரூட் ஃபேஸ் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, இடைவெளி 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ அந்தத் துளை மூடிக்கொள்ளும். எவ்வளவு தேர்ந்த வெல்டராக இருந்தாலும் ஊடுருவல் குறையும். மேலிருந்து தொடங்கும் ரூட் சுருங்கும்போது கீழே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஃபிட்டப் சமயத்தில் நான்கு இடங்களிலும் சரியாக இருந்த இடைவெளி, வெல்டர் 5 மணி நிலைக்கு வரும்போது சரியாக இருப்பதில்லை. கிளாம்பின் ஷூக்கள் (குழாயை அழுத்தும் கட்டைகள்) தேய்ந்திருந்தாலும், காற்றழுத்தம் குறைந்திருந்தாலும் இது இன்னும் மோசமாகும்; உங்கள் அட்டவணையில் குறைகள் 4 மணி முதல் 8 மணி நிலைகளுக்குள் குவிந்திருந்தால் கிளாம்பை இறக்கிப் பாருங்கள்.

ஃபிலிமில் இரண்டு வகை ஊடுருவல் குறைவையும் பிரித்துப் படிக்க வேண்டும். இடைவெளியின் அகலத்தில், இரு ஓரமும் நேராக உள்ள கருங்கோடு விழுந்தால், இரு முனைகளும் உருகவில்லை. காரணம் இறுகிய இடைவெளி, தடித்த ரூட் ஃபேஸ் அல்லது குறைந்த மின்னோட்டம். ஒரே ஓரம் மட்டும் நேர்க்கோடாகத் தெரிந்தால் ஒரு முனை உருகி, மற்ற முனை தப்பியிருக்கிறது, அது ஹை-லோ, அதாவது இரு முனைகளின் மட்டம் பொருந்தாமை. ஏபிஐ 1104 முதல் வகைக்கு 300 மில்லிமீட்டர் நீளத்தில் மொத்தம் 25 மில்லிமீட்டரும், இரண்டாவது வகைக்கு 75 மில்லிமீட்டரும் அனுமதிக்கிறது. இரண்டும் அறிக்கையில் ஒரே பெயரில் எழுதப்பட்டால் மருந்து மாறிவிடும். ஹை-லோவுக்கு ஆம்பியரை ஏற்றுவது பர்ன் த்ரூவில் (ரூட் உருகி ஓட்டையாவதில்) கொண்டுபோய் விடும்.

ஹை-லோவுக்குத் தரநிலை 3 மில்லிமீட்டரை எல்லையாகச் சொன்னாலும், 1.6 மில்லிமீட்டரைத் தாண்டும்போதே ரூட்டில் சிரமம் தொடங்கிவிடும். குழாய் முனைகள் சரியான வட்டமாக இருப்பதில்லை. நீளப் பற்றவைப்பு உள்ள குழாய்களில் தையலை மேல் பாதியில், ஒன்றுக்கொன்று தள்ளி வைக்கும் விதிக்கு உட்பட்டு, குழாயைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு ஓரிடத்தில் குவியாமல் சுற்றிலும் பரவும். நல்ல ஃபிட்டர் இதைக் கண்ணாலேயே செய்வார். அவருக்கு அதற்கான இரண்டு நிமிடத்தைக் கொடுக்காமல் மூட்டு எண்ணிக்கையை மட்டும் கேட்கும் மேலாளரால்தான் ரிப்பேர் விகிதம் ஏறுகிறது என்பது என் உறுதியான கருத்து.

குழாயும் வளைவும் சேரும் இடம், மெல்லிய சுவரும் தடித்த சுவரும் சேரும் இடம் இன்னும் கூடுதல் கவனம் கேட்பவை. அமெரிக்காவின் குழாய்த்தடப் பாதுகாப்பு அமைப்பான பிஎச்எம்எஸ்ஏ 2010 மார்ச்சில் இதற்கெனவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2008, 2009-ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட 20 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள எக்ஸ்70, எக்ஸ்80 தடங்கள் சிலவற்றில் சுற்று மூட்டுகள் ஹைட்ரோ டெஸ்டிலும், இயக்கத்திலும் உடைந்திருந்தன. சுவர்த் தடிப்பு மாறும் இடத்தில் தவறான பெவல், நேர்பொருத்தமின்மை, பற்றவைப்பு முறைக் குறைகள் ஆகியவை ஆய்வில் தெரிந்தன. தடித்த சுவரின் உட்புறத்தை 14 டிகிரி (1-க்கு 4 என்ற சரிவு) முதல் 30 டிகிரிக்குள் சீவி மெல்லிய சுவரோடு இணைக்க வேண்டும். அதைக் களத்தில் கை கிரைண்டரால் அவசரமாகச் செய்தால் உட்புறம் அலை அலையாக இருக்கும். அந்த மூட்டுகளை அட்டவணையில் தனியாகக் குறியுங்கள்.

ரூட்டின் இருபுறமும் இணையாக ஓடும் இரட்டைக் கோடுகள் தெரிந்தால் அது ரூட்டின் ஓரப் பள்ளங்களில் சிக்கிய ஸ்லாக். ரூட் மேற்புறம் கூம்பி நின்றால் ஓரங்கள் ஆழமாகும். ஹாட் பாஸால் அங்கே எட்ட முடியாது. கூம்பைக் கிரைண்டரால் தட்டையாக்கி, ஓரங்களைத் திறந்துவிட்டு, ரூட்டைவிட உயர்ந்த மின்னோட்டத்தில் ஹாட் பாஸ் போட்டால் அது கரையும். கோடு ஒன்றாக, நடுவில், மென்மையான ஓரங்களோடு தெரிந்தால் அது ஹாலோ பீட் எனப்படும் நீளத் துளை, ஸ்லாக் அல்ல. வேகம் மிகுந்தாலோ, ஆம்பியர் மிகுந்தாலோ, பெவலில் அழுக்கு இருந்தாலோ அது வரும். ரூட்டுக்கு ராடை மின்சுற்றின் எதிர்முனையில் (நெகட்டிவில்) வைத்து ஓட்டுவது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. உங்கள் டபிள்யூபிஎஸ் அனுமதித்தால் முயன்று பாருங்கள். பர்ன் த்ரூவும், கீழ்நிலையில் வரும் உட்குழிவும் பெரும்பாலும் இடைவெளி கூடியதாலோ, ரூட்டை மிகையாகக் கிரைண்ட் செய்ததாலோ வருபவை. ஃபிட்டப்பைத் திருத்தினால் அவையும் குறையும்.

நுண்துளை குறித்து அவசியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ராடு ஈரமாகிவிட்டது என்று நினைத்துச் செல்லுலோசிக் ராடுகளை அடுப்பில் வைத்துக் காயவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பூச்சுக்கு 3 முதல் 7 சதவீதம் ஈரம் இருந்தே ஆக வேண்டும். காய்ந்தால் ஆர்க்கின் வேகம் தளர்ந்து, துளையும் அண்டர்கட்டும் (பற்றவைப்பின் ஓரத்தில் விழும் பள்ளமும்) கூடும். திறந்த டப்பாவை வெயிலில் விடுவதும் இதே விளைவைத் தரும். 350 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு, பிறகு சூடான பெட்டியில் வைத்துப் பயன்படுத்த வேண்டியவை லோ ஹைட்ரஜன் ராடுகள் மட்டுமே. ஒரே கொட்டகையில் இரண்டு வகையும் இருந்தால், ஒரே அடுப்பில் இரண்டும் போய்விடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதிகாலைப் பனி, பெவலில் படிந்த துரு, காப்புப் பூச்சின் மிச்சம் ஆகியவை நுண்துளைக்கான எஞ்சிய காரணங்கள். காலையில் முதல் மூட்டுக்கு முன் பர்னரால் ஈரத்தை ஓட்டுவதும், பெவலையும் அதை ஒட்டிய 25 மில்லிமீட்டரையும் பளபளக்கும்வரை துலக்குவதும் போதும்.

டை-இன் மூட்டில் ஆர்க் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போகிறது என்று வெல்டர் சொன்னால் அதை நம்புங்கள். காந்த முறையில் தூக்கப்பட்ட குழாய்களிலும், காந்தக் கசிவு முறையில் சோதிக்கும் பிக் (குழாய்க்குள் ஓடும் சோதனைக் கருவி) ஓடிய பழைய தடங்களிலும் காந்தம் எஞ்சியிருக்கும். பெவலில் காஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். சுமார் 20 காஸுக்கு மேல் போனால் ஆர்க் தடுமாறத் தொடங்கும், 40-ஐத் தாண்டினால் ஒழுங்காகப் பற்றவைக்கவே முடியாது. மூட்டின் இருபுறமும் வெல்டிங் கேபிளைச் சில சுற்றுகள் சுற்றி, நேர்மின்னோட்டத்தைத் திசைமாற்றிப் படிப்படியாகக் குறைத்தால் காந்தம் தணியும்.

மெஷினைச் சோதிக்கும்போது, அதன் முகப்பில் காட்டும் ஆம்பியரைக் குறிக்காமல், ராடைப் பிடிக்கும் முனைக்கு அருகில் கிளாம்ப் மீட்டரால் அளந்த ஆம்பியரைக் குறியுங்கள். நீண்ட, தேய்ந்த கேபிளும் தளர்ந்த எர்த் இணைப்பும் வெல்டருக்குத் தெரியாமலே அவர் ஆர்க்கைப் பலவீனப்படுத்தியிருக்கும். இவ்வளவும் சரியாக இருந்து, அதே மெஷினில் அதே ஃபிட்டப்பில் ஒருவரிடம் மட்டும் குறை தொடர்ந்தால், அப்போது அவருக்குப் பயிற்சி கொடுங்கள் அல்லது வேறு பாஸுக்கு மாற்றுங்கள். கேப்பிங்கில் (கடைசி மேல் அடுக்கில்) அண்டர்கட் வருவது போன்றவை மட்டுமே கைத்திறனோடு நேரடியாகத் தொடர்புள்ளவை என்று சொல்லலாம், 0.8 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமானதை எந்த நீளத்திலும் ஏற்கக் கூடாது.

ரிப்பேர் செய்யும் முறையையும் சந்தேகிக்க வேண்டும், ஏனெனில் ரிப்பேர் மூட்டு தடத்தில் அதிக இழுவிசையில் இருக்கும் மூட்டுகளில் ஒன்று. முழுதாக முடிந்து குளிர்ந்த வளையத்தில் சிறு பள்ளம் தோண்டி, சுற்றிலும் அசையாத உலோகத்துக்கு நடுவே செல்லுலோசிக் ராடால் நிரப்புவது, ஹைட்ரஜன் விரிசலை வரவழைக்கும் வழி. பள்ளத்தை மட்டும் சூடாக்காமல் மூட்டைச் சுற்றிலும் ப்ரீஹீட் செய்ய வேண்டும். தோண்டிய பிறகு குறை முழுவதும் நீங்கியதா என்று காந்தத்துகள் முறையில் பார்க்க வேண்டும். ரிப்பேருக்குத் தனியாகத் தகுதி பெற்ற செயல்முறை இருக்க வேண்டும். முடிந்தவரை லோ ஹைட்ரஜன் ராடு இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டாவது ரிப்பேர் தேவைப்பட்டால் நான் மூட்டை வெட்டி எடுக்கவே சொல்வேன். விரிசல் உள்ள மூட்டுக்கும் என் நிலை அதுதான்.

ஃபிலிமையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அடர்த்தி 1.8-க்கும் 4.0-க்கும் நடுவே இருக்கிறதா, படத்தின் தரத்தைக் காட்ட வைக்கும் கம்பி வரிசையில் தேவையான கம்பி தெரிகிறதா, கதிர்மூலம் சுவர்த் தடிப்புக்கு ஏற்றதா என்பவற்றை வேறொரு தகுதிபெற்ற வாசிப்பாளர் பார்க்கட்டும். இல்லாத குறையைத் தோண்டிய மூட்டுகளும், இருந்த குறையைத் தாண்டிப்போன மூட்டுகளும் இதில் வெளிப்படலாம். பக்கச் சுவர் இணைவுக் குறைவை ரேடியோகிராபி எளிதில் தவறவிடும் என்பதால், தானியங்கிப் பற்றவைப்பு முறைக்கு மாறும் எண்ணம் இருந்தால் தானியங்கி அல்ட்ராசோனிக்கும் கூடவே வர வேண்டும்.

கடைசியாக, வெட்டியெடுத்த விரிசல் மூட்டைப் பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். வெட்டும் முன் 12 மணி நிலையையும் வாயு ஓடும் திசையையும் குழாயின் மேல் எழுதுங்கள். மூட்டிலிருந்து இருபுறமும் குறைந்தது 150 மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். விரிசல் முகத்தைக் கையால் தொடாமல், துடைக்காமல், ஈரம் படாதபடி உறையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குறுக்குவெட்டுப் படம், விரிசலின் இருபுறமும் விக்கர்ஸ் கடினத்தன்மை, நிக்-பிரேக் முகத்தின் (மூட்டில் வெட்டுப் போட்டு உடைத்த முகத்தின்) படம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். நிக்-பிரேக் முகத்தில் மீன்கண் வடிவப் புள்ளிகள் தெரிந்தால், ஏபிஐ 1104 அவற்றை நிராகரிப்புக்குக் காரணமாகக் கொள்வதில்லை என்றாலும், ஹைட்ரஜன் மூட்டில் தங்கியிருந்தது என்பதற்கு அவை சான்று. அப்படியானால் ஹாட் பாஸ் இடைவேளையையும் ப்ரீஹீட்டையும் முதலில் திருத்துங்கள். மீன்கண்கள் இல்லாமல், விரிசல் ரூட்டின் நடுவில் உறைவுக்கோட்டை ஒட்டி ஓடியிருந்தால், ரூட்டின் தடிப்பையும் வேகத்தையும் திருத்துங்கள்.